லைசன்ஸ் வரும்வரை அவர்தான் ஓட்டுவார்

எனக்கு வண்டி ஓட்டும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஸ்கூட்டர்கூடப் பழகவில்லை. சிம்மக்கல்லில் கடை, கடைக்கு மேலே மாடியில் வீடு. இறங்கினால் டவுன் பஸ், கையைக் காட்டினால் ஆட்டோ. நாற்பத்தாறு வயதில் எனக்கு எதற்கு ஸ்டியரிங்? அப்படி இருந்தவள் காலை ஆறு மணிக்கு டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான மாஸ்டரிடம் "கிளச்ச விடாதீங்கக்கா, விடாதீங்கக்கா" என்று திட்டு வாங்க ஆரம்பித்தேன். காரணம் என் வீட்டுக்காரர்.

எங்கள் கடையில் மோட்டார் பம்புக்கான சாமான்கள் இருக்கும். பேரிங், வாஷர், காயில் கம்பி, புட்வால்வு. மேலூரிலிருந்து கொட்டாம்பட்டி வரைக்கும் உள்ள கிராமங்களில் மோட்டார் மெக்கானிக்குகள் கேட்கிற சாமானை வாரத்தில் மூன்று நாள் அவர் வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார். நான் கடையைப் பார்த்துக்கொள்வேன். அது பழைய வெள்ளை வேன். கதவை இரண்டு தடவை இழுத்துச் சாத்தினால்தான் சாத்தும். ஆனால் அவருக்கு அது உசிரு. அவருடைய ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில். அவருடைய ஐயா, அதாவது என் மாமனார், காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலைசெய்தவர், அடுத்தவர் டிராக்டரை ஓட்டியவர். அவர்கள் இருந்த தெருவிலிருந்து படித்து, வேலைபார்த்து, சொந்த வண்டியில் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து ஊருக்குள் முதலில் நுழைந்தவர் இவர்தான். இன்றைக்கும் ஊர் டீக்கடை வந்தால் வண்டியை மெதுவாக்கி, எதிரே ஈ காக்கா இல்லாவிட்டாலும் ஹாரன் அடிப்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

போன சித்திரை வெயிலில் ஒருநாள், அலமாரியிலிருந்து பேரிங் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. நான் கத்தினேன். பக்கத்துக் கடை அண்ணன் ஓடிவந்து, "இரும்ப எடும்மா, சாவி எதாச்சும் எடு, கையில குடுக்கணும்" என்றார். மேஜைமேல் கிடந்தது வேன் சாவிதான். அதை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் இவருடைய விரல்களைப் பிரித்து, சாவியை உள்ளே வைத்து, மூடிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. இவர் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது தன் கையிலிருந்த வேன் சாவியைத்தான்.

"சாவி குடுத்ததும் நின்னுச்சு பாத்தியா" என்று கூடியிருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

நரம்பு டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "இது வலிப்பு. மாத்திரைய ஒரு வேளைகூட விடக் கூடாது. வண்டி தொடக் கூடாது. ஒரு வருஷம் வராம இருக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். நான் சாவி விஷயத்தைக் கேட்டேன். "அது தானா நிக்கிறதும்மா. நீங்க சாவி குடுத்தாலும் நிக்கும், குடுக்காட்டியும் நிக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, அது போதும்" என்றார். இவர் டாக்டரம்மாவைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் சும்மா இருந்தார். பதினோராம் நாள் காலையில் குளித்துவிட்டு வேட்டி மாற்றும்போது பார்த்தேன். இடுப்பில் அரைஞாண் கயிற்றில் வேனின் ஸ்பேர் சாவியைக் கோத்துக் கட்டியிருந்தார்.

"என்னங்க கூத்து இது?"

"இரும்பு ஒடம்புல பட்டுக்கிட்டே இருந்தா வராது."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"அவுக படிச்சத அவுக சொல்றாக. எனக்குச் சாவி குடுத்ததும் நின்னுச்சா இல்லையா? அத நீயும் பாத்தேல்ல?" என்றார். சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

ஆள் வைத்து ஓட்டலாம் என்றேன். "ஆள் வச்சா எதுக்குன்னு கேப்பான். ஒருத்தனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். காக்கா வலிப்புக்காரன் மகள்னு சொல்லிப்புட்டா, அந்தப் புள்ளைக்கு மாப்ள எங்குட்டுப் போயிப் பாப்ப?" என்றார். எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலைபார்க்கிறாள். அவளிடம்கூட வெயில் மயக்கம் என்றுதான் சொல்லியிருந்தோம். படித்தவள், எதற்கும் பட்டென்று பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். ஆனால் நானும் பயந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த தடவை அவர் கிளம்பியபோது கடையைச் சாத்திவிட்டு நானும் கூடவே ஏறிவிட்டேன். மேலூர் தாண்டியதும் நாலு வழிச் சாலையில் அவர் ஒரு மெக்கானிக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். "அவென் போன மாசம் வாங்குன வால்வு" என்றவர் அதற்குமேல் பேசவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல அசைந்தது. வண்டி இடதுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. அங்கே நூறு நாள் வேலை முடிந்து பெண்கள் வரிசையாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலதுபக்கம் இழுத்தேன். கடைசியாக நடந்த பெண்ணின் சேலை கண்ணாடிக்கு அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது.

"என்னத்துக்கு ஸ்டியரிங்கப் புடிக்கிற? கூறு இருக்கா ஒனக்கு?" என்று அவர் கத்தினார். ஆள் திரும்ப வந்துவிட்டார். நடுவில் தான் இல்லாமல்போனதே அவருக்குத் தெரியவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். "தூக்கக் கலக்கம்" என்றார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கொட்டாம்பட்டி டீக்கடையில் டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இனிமே நீங்க ஓட்டக் கூடாது."

"அப்பறம் யாரு ஓட்டுவா? நீ ஓட்டுவியா?" கிண்டலாகத்தான் கேட்டார்.

"ஆமா. நான் ஓட்டுறேன்."

சிரித்தார். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "சரி. லைசன்ஸ் எடுத்து அந்தக் கார்ட எங் கையில குடு. சாவிய ஒங் கையில குடுத்துர்றேன். அதுவரைக்கும் நாந்தேன் ஓட்டுவேன்" என்றார். ஒரு வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். அது நல்லதற்கும்தான், கெட்டதற்கும்தான்.

மறுநாளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ஒரு வாரத்தில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதலில் எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், போட வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரில் பரீட்சை. அது வந்து முப்பது நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக்காட்டவே கூப்பிடுவார்கள். தவறினால் இன்னும் ஏழு நாள். தேறினால் கார்டு தபாலில் வரும், அதற்குச் சில நாள். சட்டம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். பழகாதவள் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் மற்றவர்களுக்கு அது பழகுகிற நாள், எனக்கு அது அவர் ஓட்டுகிற நாள். முப்பது நாளில் பன்னிரண்டு தடவையாவது அவர் அந்த ரோட்டில் போய் வருவார் என்று மனசு கணக்குப் போட்டது.

எல்எல்ஆர் விண்ணப்பத்தை வீட்டில் வைத்துத்தான் நிரப்பினேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் உடம்பைப் பற்றிச் சில கேள்விகள். முதல் கேள்வியே உங்களுக்கு வலிப்பு நோய் உண்டா, திடீரென்று நினைவு தப்புமா என்பதுதான். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அவரும் அதைப் படித்தார். படித்தது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"இல்லைன்னு போடு. ஒனக்குத்தான கேக்குறாக" என்றார்.

இல்லை என்று போட்டேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

கம்ப்யூட்டர் பரீட்சையில் தேறினேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் சந்தோஷம். அன்றிலிருந்து அவர் போகிற நாளெல்லாம் ஒவ்வொரு கிராமத்திலும் இறங்கியதும் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். போன் ஐந்து நிமிஷம் தாமதமானால் வாடிக்கையாளர் வாஷர் கேட்டால் பேரிங்கைக் கொடுப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சாவியை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். அவர் இடுப்பிலிருந்த ஸ்பேர் சாவியை அவிழ்த்து, அதைப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு இடுப்பில் இரும்பும் இல்லையே என்ற பயம் எனக்கு வந்தது. டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும் நானே அரிசிக்குள் கையை விட்டு மற்றச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நாட்களில் அவரிடம் இன்னொரு பழக்கம் வந்தது. சாயங்காலம் வந்து வண்டியை நிறுத்தியதும் மேலே வர மாட்டார். ஸீட்டுக்கு அடியில் ஒரு பழைய பனியன் துணி வைத்திருந்தார். அதை எடுத்து முன்பக்கத்தைத் துடைப்பார். குனிந்து, போன் வெளிச்சத்தில் பம்பருக்கு அடியில் பார்ப்பார். இடதுபக்கம் முழுக்கத் தடவிப் பார்ப்பார். பிறகு துணியை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இங்கே ஈரக்கொலை நடுங்க உட்கார்ந்திருக்கிறேன், இவருக்கு வண்டிக்குப் பொட்டு வைத்துக் கொஞ்சாத குறை என்று முணுமுணுப்பேன். "வண்டிய ஒரு தடவ முத்தம் குடுத்துட்டு வாங்க" என்று மேலிருந்து கத்தியும் இருக்கிறேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் கிளச்சும் பிரேக்கும் உண்டு. அது எனக்கு முதலில் தெரியாது. நாலு நாள் ஓட்டியதும் எனக்கு நல்லாவே வருகிறது என்ற நினைப்பு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் சிக்னலில் நின்றபோது குனிந்து பார்த்தேன். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் பெடலில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருந்தேன்.

"தம்பி, அப்ப இத்தன நாளா ஓட்டுனது நீங்களா?"

"எல்லாருக்கும் இப்படித்தாங்கா. டெஸ்ட்டுக்கும் நான் பாத்துக்கிறேன். நீங்க நேராப் பாத்து ஓட்டுங்க, போதும்."

"எனக்கு லைசன்ஸ் மட்டும் வேணாம். ஓட்டவும் வேணும்" என்றேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். சேர வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை போல.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேனிலேயே பழகினேன். சட்டப்படி எல் போர்டு வண்டியில் லைசன்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு இருந்த லைசன்ஸ்காரர் அவர்தான். திருவாதவூர் போகிற ரோட்டில் காலையில் கூட்டம் இருக்காது. இரண்டு பக்கமும் வயல், நடுவில் நான். அவர் இடுப்பில் சாவியோடு பக்கத்தில் உட்கார்ந்து, "கிளச்சு, கிளச்சு, அட கிளச்சுங்கிறேன்ல" என்பார். எங்கள் வேனில் அந்தப் பக்கம் பெடல் கிடையாது. ஆனாலும் பிரேக் போட வேண்டிய இடமெல்லாம் அவருடைய வலதுகால் தரைத் தகரத்தை டம் டம் என்று மிதிக்கும். "அங்க பிரேக்கு இல்லங்க" என்பேன். கால் கேட்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். எல் போர்டைப் பார்த்தார், என் எல்எல்ஆரைப் பார்த்தார். "பக்கத்துல யாரு? லைசன்ஸ் இருக்கா?" என்றார். இவர் பையிலிருந்து லைசன்ஸை எடுத்துக் கம்பீரமாக நீட்டினார். போலீஸ்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "சார் சொல்றதக் கேட்டு ஓட்டும்மா. அவசரப்படாத" என்றார்.

"கேக்குறேன் சார்" என்றேன். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரோட்டுக்கு ஆபத்து நான் என்று வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் எழுதி ஒட்டியிருந்தது. அவர்மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. போலீஸ்காரரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். மகள் முகம் வந்தது. முதல் கியரைப் போட்டேன்.

முப்பது நாள் ஓடியது. டெஸ்ட் அன்று ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் எனக்கு முன்னால் இருபது பேர். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். என் முறை வந்து ஏறி உட்கார்ந்ததும் மாஸ்டர் பக்கத்தில் ஏறி, வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். பின் ஸீட்டில் ஆய்வாளர். எனக்கு என்ன தோன்றியதோ, "தம்பி, கால எடுத்துருங்க. நான் ஓட்டுறேன்" என்று மெதுவாகச் சொன்னேன். என்னிடம் சாவி வரும்போது அதற்கு நான் தகுதியாக இருக்க வேண்டும் என்ற வீம்பு. மாஸ்டர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். வண்டியை நகர்த்தினேன், இரண்டாவது கியர் போட்டேன், திரும்பினேன். ரிவர்ஸ் எடுக்கும்போது கிளச்சை விட்டுவிட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி எடுத்தேன், மறுபடி நின்றது.

"நல்லாப் பழகிட்டு வாங்கம்மா" என்றார் ஆய்வாளர். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும்தான் எனக்கு உறைத்தது. என் வீம்புக்கு விலை ஏழு நாள். அந்த ஏழு நாளில் மூன்று தடவை அவர் அந்த ரோட்டில் போவார். யாருக்கு நல்லவளாக இருக்கப் போனேன்? என்னை நானே அன்று திட்டிய மாதிரி வேறு யாரையும் திட்டியதில்லை.

மூன்றாவது தடவை அவர் திரும்பி வந்தபோது வேனின் இடதுபக்கக் கண்ணாடி இல்லை. கதவில் நீளமாகக் கீறல். "பஸ்காரென் ஒரசிட்டான்" என்றார். இடதுபக்கம் எப்படி பஸ் உரசும் என்று கேட்டேன். சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பேப்பர்காரருக்காக வாசலில் போய் நின்றார். வழக்கமாக விளையாட்டுப் பக்கத்தை மட்டும் புரட்டுகிறவர், உள்ளூர்ச் செய்தியை வரி விடாமல் படித்தார். அடுத்த மூன்று நாளும் அப்படித்தான். "என்ன தேடுறீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். இப்போது எழுதும்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு எனக்கு என் டெஸ்ட் ஒன்றுதான் கண்ணில் நின்றது.

இரண்டாவது டெஸ்ட்டில் நான் மாஸ்டரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் செருப்பைக் கழற்றினாரா, காலை எங்கே வைத்தார் என்று குனிந்தும் பார்க்கவில்லை. நேராகப் பார்த்து ஓட்டினேன். ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி நிற்கவில்லை. தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அது என் காலா, அவர் காலா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை.

லைசன்ஸ் போட்டாயிற்று என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. அதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். "கார்டு கைக்கு வரட்டும். அதுதான பேச்சு" என்றார். தபால்காரர் வருகிற நேரத்துக்கெல்லாம் கடை வாசலில் நின்றேன். அதற்குள் வீட்டுக்காரர் வேனில் இரண்டு தடவை போய் வந்தார். ஒருவழியாகக் கார்டு வந்தது. அதில் என் போட்டோ களவாணி மாதிரி இருந்தது. உறையைக்கூட முழுசாகக் கிழிக்காமல் அவரிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். வைத்துவிட்டு உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேர் கையிலும் சாவி இருந்தது. அப்புறம் விட்டுவிட்டார்.

ஸ்பேர் சாவி மட்டும் அவர் இடுப்பிலேயே இருந்தது. அதை நான் கேட்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் காலையில் கடையைச் சாத்திவிட்டு இருவரும் கிளம்பினோம். முதல் நாள் மேலூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் வண்டி மூன்று தடவை நின்றது. பின்னால் நின்றவர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள். அவருடைய ஊர் டீக்கடை வந்ததும் அவர் ஸீட்டில் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டார். "என்ன மாப்ள, எடம் மாறிட்ட?" என்று ஒருவர் கேட்டார். "முதுகு வலிண்ணே" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான்தான் ஹாரன் அடித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். போகும்போதும் வரும்போதும் கால் மட்டும் தகரத்தை மிதித்துக்கொண்டே இருந்தது. "ஏங்க, இந்தக் காலக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வாங்களேன்" என்றேன். "நீ ஒழுங்கா ஓட்டு, அது தானா நிக்கும்" என்றார்.

இரண்டாவது வாரம், மேலூர் தாண்டி, முன்னால் ஒரு வைக்கோல் லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. "இந்தா, தூரமா வா, தூரமா வா" என்று சொல்லிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தச் சத்தம் நின்றது. என்னடா நிம்மதியாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது. வலதுகை சட்டைப் பட்டனைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் பஸ் வந்தது, அதைப் போகவிட்டேன். இடதுபக்கம் இண்டிகேட்டர் போட்டேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கிளச், பிரேக். வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருகி எடுத்தேன். அதற்குள் அவருக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றி, ஸீட்டைச் சாய்த்து, ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன்.

ரோட்டோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார். பைக்கில் போன இரண்டு பேர் நிறுத்தினார்கள். "சாவி இருக்குல்லம்மா, கையில குடும்மா, குடு" என்றார் நுங்குக்காரர். என் கையில்தான் சாவி இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இடுப்புல ஏற்கெனவே ஒண்ணு கட்டியிருக்குண்ணே. அதக் கேக்காததா இதக் கேக்கப்போவுது?" என்றேன். போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரண்டு நிமிஷத்தில் நின்றது. யார் கையும் எதையும் கொடுக்காமல், தானாக நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைச் சிமிட்டினார். என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். நின்றிருந்த ஆட்களைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் இருபத்தைந்து வருஷத்தில் பார்த்ததில்லை.

"நான் ஓட்டலையே?" என்றார். நாக்கு குழறியது.

"இல்லங்க. நான்தான் ஓட்டுனேன்."

"யாரும் குறுக்க வரலையே? யார் மேலயும் ஏத்தலையே?"

"யாரும் வரல. ஓரமாத்தான் நிறுத்தியிருக்கேன்."

அவருக்கு அது போதவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. கையை ஸீட்டுக்கு அடியில் விட்டு அந்தப் பனியன் துணியைத் துழாவி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"போயி முன்னாடி தொடச்சுப் பாரு. பம்பருக்கு அடியிலயும் பாரு" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை சாயங்காலமும் அவர் வண்டியைக் கொஞ்சவில்லை. தான் இல்லாமல்போன நேரத்தில் யாரையாவது அடித்துவிட்டோமா என்று தேடியிருக்கிறார். துணியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். தூக்கக் கலக்கம் என்று என்னிடம் சொன்ன மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே போயிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்து வந்திருக்கிறார். நான் மாடியில் நின்று முத்தம் கொடுங்கள் என்று கத்தியிருக்கிறேன்.

துணியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அவர் கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி முன்பக்கம் முழுவதையும் மெதுவாகத் துடைத்தேன். மண்டியிட்டுப் பம்பருக்கு அடியில் பார்த்தேன். இடதுபக்கம் தடவிப் பார்த்தேன். திரும்பி வந்து துணியை அவர் கையில் கொடுத்தேன்.

"செம்மண் புழுதிதான்" என்றேன்.

அவர் அதை விரித்து இரண்டு பக்கமும் பார்த்தார். மோந்தும் பார்த்தார். பிறகு நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி, எடு" என்றார். நான் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை எடுத்தேன்.